ஒன்றரை லிட்டர் தண்ணி

முடிச்சிட்டீங்களா? காட்டுங்க பாட்டில. அடியில ரெண்டு வாய் நிக்குது பாருங்க சார், அதையும் குடிச்சிடுங்க. போன்லயே சொன்னேன் இல்ல, ஒன்றரை லிட்டர், சொட்டு பாக்கி வெக்கக் கூடாது. மூத்திரப் பை ரொம்பினாத்தான் ஸ்கேன்ல பளிச்சுனு தெரியும். ரொம்பலன்னா திருப்பி முதல்லேர்ந்து. இன்னொரு பாட்டிலு, இன்னொரு ஒரு மணி நேரம். தேவையா உங்களுக்கு? அதான். குடிங்க.

ஆங். இப்ப காலச் சேர்த்து வெச்சிக்கினு கம்முனு உக்காருங்க.

டாக்டர் வந்துக்கினே இருக்காரு சார். இருங்காட்டுக்கோட்டை கிட்ட ட்ரெய்லர் ஒண்ணு திரும்பத் தெரியாம குறுக்கால நிக்குதாம், இப்பதான் போன் பண்ணாரு. பத்து நிமிஷம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான் மெட்ராஸ்லேர்ந்து இங்க வர்றாரு, கொஞ்சம் முன்ன பின்ன ஆவும். உங்களுக்கு முன்னாடி மூணு பேருதான்.

நீங்க நல்ல எடத்துக்குத்தான் வந்தீங்க. நாலு தபா போன் பண்ணீங்க இல்ல? ஃப்ரெண்டு ஒருத்தருக்கு, அம்பத்தஞ்சு வயசு, அடிக்கடி போறாரு, போனா சரியா வரல, எந்த டாக்டரப் பார்க்கலாம்னு. நாலு தபாவும் ஃப்ரெண்டு. அஞ்சாவது தபாதான் பேரு சொன்னீங்க. தாண்டவராயன், பென்னலூர். ஃப்ரெண்டு வரலியா சார் இன்னிக்கி? சும்மா கேட்டேன். இங்க வர்ற ஆம்பளைங்கள்ல பாதிப் பேரு ஃப்ரெண்டுக்காகத்தான் வர்றாங்க.

வூட்ல சொல்லலியா? மீட்டிங்குன்னு சொல்ட்டு வந்தீங்களா. சரி. பொண்டாட்டிகிட்ட சொல்ல வெக்கமா இருக்கும். முப்பது வருசமா அவங்களப் பேச்சாலேயே அடக்கி வெச்சிருப்பீங்க, இப்ப போயி எனக்கு ஒண்ணுக்கு நிக்க மாட்டேங்குதுன்னு எப்படிச் சொல்றது. ஐயோ, நான் பொதுவா சொல்றேன் சார். உங்களச் சொல்லல.

பஸ் ஸ்டாண்டு சுவத்துல மஞ்சக் கலர்ல நோட்டீசு ஒட்டியிருப்பான் பாருங்க, மாசம் ஒரு நாள் லாட்ஜுல ரூம் போட்டு லேகியம் விக்கிறவன், அங்க எதுவும் போவல இல்ல? போனீங்களா. எத்தினி டப்பா? மூணா. அதான மூஞ்சி சொல்லுது. படிச்ச மனுசன் நீங்க.

டாக்டரத் தேடறப்ப ஒண்ணு பார்க்கணும் சார். பேருக்குப் பின்னாடி எம்.சிஎச். யூராலஜின்னு இருக்கணும். வெறும் எம்.எஸ். இருந்தா பொதுவா அறுக்கத் தெரிஞ்சவரு. எம்.சிஎச்.னா இந்தப் பாதைக்குன்னே மூணு வருசம் தனியா படிச்சவரு. அப்பால, முதல் நாளே ஆபரேசனுக்குத் தேதி குறிக்கிற ஆளாயிருந்தா செருப்ப மாட்டிக்கினு எழுந்து வந்துடணும். விரல் வுட்டுப் பார்க்காமலே ப்ராஸ்டேட்டுன்னு சொன்னாலும் வந்துடணும்.

விரல்தான் சார். பின்னாடி வழியா. இன்னா அப்டி முழிக்கிறீங்க, யாரும் சொல்லலியா? ப்ராஸ்டேட்டு அங்கதான இருக்குது. மெதுவா பேசணுமா? எதுக்கு, இங்க உக்காந்திருக்கிற எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க. அண்ணே, உங்களுக்கு ரெண்டு தபா பார்த்தாச்சு இல்ல? பாருங்க, சிரிக்கிறாரு. அரை நிமிஷ வேலை. பேண்ட்ட முட்டி வரைக்கும் எறக்கிட்டு, பக்கவாட்டுல படுத்துக்கினு, முட்டியக் கட்டிப் புடிச்சிக்கணும். அதுக்குத்தான் பெல்ட்டு, டைட்டு பேண்ட்டு வேணாம்னு சொல்றது. நீங்க பெல்ட்டு போட்டுக்கினு வந்திருக்கீங்க. பரவால்ல, ஒரு ஓட்டை லூஸ் பண்ணிக்கோங்க, வயித்த அழுத்தும். பண்ணாலும் அழுத்துதா? தண்ணி எறங்குது, அப்டித்தான் இருக்கும்.

மாத்திரையெல்லாம் அட்டையோட கொண்டாந்தீங்களா? குடுங்க. பேர வாயால சொன்னா டாக்டருக்குப் புடிக்காது, அட்டையப் பார்க்கணும் அவருக்கு. இது பி.பி.க்கு. இது சுகரு. இது இன்னாது, ஜலதோஷத்துக்கா? எப்பலேர்ந்து? மூணு நாளா, காலையிலயும் போட்டீங்களா. சரி சரி. இதக் கட்டாயம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஒண்ணுமில்ல, சொல்லுங்க, அவ்ளோதான்.

மூணு நாள் எழுதினு வரச் சொன்னேனே, எத்தினி வாட்டி போறீங்க, மக்குல அளந்தா எவ்ளோ வருதுன்னு. எழுதினீங்களா? அடேயப்பா. கம்ப்யூட்டர்லயே போட்டுக்கினு வந்துட்டீங்க. கட்டம், நேரம், மில்லி, கடைசியில கூட்டல். அஞ்சு முப்பத்தஞ்சு, தொண்ணூறு மில்லி. ஆறு பத்து, அறுவது மில்லி. ரிமார்க்ஸ்னு தனியா ஒரு கட்டம் வேற. சொட்டு சொட்டாகன்னு டைப் அடிச்சிருக்கீங்க. இந்தக் கிளினிக்குல ஆறு வருசமா இருக்கேன் சார், இவ்ளோ நீட்டா யாரும் கொண்டாந்ததில்ல. கம்பெனி ஆளுன்னு பார்த்தவுடனே தெரியும்.

எந்தக் கம்பெனி? ஒரகடத்துல, காருக்கு ஒயரு கட்டுற கம்பெனியா. அப்டியா. நானும் அங்கதான் ரெண்டரை வருசம் கான்ட்ராக்டுல இருந்தேன். ஞாபகம் இருக்காது. எப்படி இருக்கும், நீலக் கோட்டு, தலையில தொப்பி, மூஞ்சில மாஸ்க்கு, முப்பத்தாறு பொண்ணுங்க ஒரே மாதிரி நின்னுக்கினு இருப்போம். உங்களுக்கு நாங்க ஸ்டேசன் நம்பரு. நான் நாலாவது லைன்ல பதினொண்ணு. என் பேரு ரஞ்சனி. மண்ணூர்தான் வூடு.

ஆமா சார். உங்க லைனுதான்.

உக்காருங்க, உக்காருங்க. இன்னும் டாக்டர் வரல. ரொம்ப முட்டுதா? பல்லக் கடிக்காதீங்க, பல்லக் கடிச்சா இன்னும் முட்டும். மனச வேற எதுலயாவது வெக்கணும். நாங்க அப்டித்தான் பண்ணுவோம். நான் சினிமாப் பாட்டு ஓட்டுவேன் மனசுல, ஒரு பாட்டுக்கு நாலு நிமிஷம், பதினஞ்சு பாட்டு ஓடினா ஒரு மணி நேரம் போயிடும். எனக்குப் பக்கத்துல பன்னெண்டாவது ஸ்டேசன்ல முத்துச்செல்வின்னு ஒரு பொண்ணு, சங்கரன்கோவில் பக்கம் ஊரு, அது ஒயர் கலரச் சொல்லும். செவப்பு, கறுப்பு, மஞ்ச, செவப்பு, கறுப்பு, மஞ்ச. உதடு அசையறது மாஸ்க்குல தெரியும். வேகமா அசைஞ்சா ரொம்ப முட்டுதுன்னு அர்த்தம்.

நீங்க சொல்றது சரிதான். லைன நிறுத்த முடியாது. ஒருத்தி போனா அந்த எடத்துல ரிலீவர் நிக்கணும், ரிலீவர் இல்லன்னா ஒயரு குமிஞ்சிடும், டார்கெட் போர்டுல செவப்பு எரியும், மேல இருக்கறவன் சூப்பர்வைசர் உங்களத்தான் கேப்பான். தெரியும் சார். உங்க மேல தப்பே இல்ல. அதுக்குத்தான பச்சைக் கார்டு. முப்பத்தாறு பேருக்கு ஒரு கார்டு. அது யாரு கையில இருக்குதோ அவ மட்டும்தான் பாத்ரூமுக்குப் போவலாம், ஏழு நிமிஷம். கம்பெனி ரூல்ஸ். ஆனா கார்ட மாட்டி வெக்கிறதுக்கு சுவத்துல ஆணி இருந்திச்சு. நீங்க அத உங்க சட்டைப் பாக்கெட்டுல வெச்சிக்கினீங்க. அது கம்பெனி ரூல்ஸ் இல்ல.

வந்து கை நீட்டணும். எதுக்கும்மான்னு கேப்பீங்க. ஏதோ தெரியாத மாதிரி. வாயால சொன்னாத்தான் குடுப்பீங்க. ஒண்ணுக்கா, ரெண்டுக்கா, இல்ல மாசக் கணக்கான்னு. சொல்ட்டு நின்னா, இப்பதான போன, ஒம்பதரைக்கு, உன் குழாய்க்கு வாஷர் போயிடுச்சான்னு. அப்பவும் இதே மாதிரி கட்டம் போட்ட சார்ட்டுதான். யாரு எத்தினி மணிக்குப் போனா, எத்தினி நிமிஷம். நீங்க இத எழுதறப்ப உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா சார்? பழகின கைதான?

நாங்க என்னா பண்ணோம் தெரியுமா. தண்ணியே குடிக்கறதில்லன்னு வெச்சிக்கினோம். ஆறு மணி ஷிப்டுக்கு நாலு மணிக்கு எழுந்தா வாய் கொப்பளிக்கிற தண்ணியோட சரி. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நாங்களே சொல்லிக் குடுப்போம், பாட்டில் கொண்டாராத, தொட்டுக்க கொழம்பு வேணாம், கெட்டியா லெமன் சாதம் தின்னுட்டு வா. சாமர்த்தியம்னு நெனச்சிக்கினோம். முத்துச்செல்விக்கு அத சொல்லிக் குடுத்தது நான். எங்க வூட்டு மாடியில ஏழு பொண்ணுங்க வாடகைக்கு இருந்தாங்க, அதுல ஒண்ணு. பத்தொம்பது வயசு. எங்கம்மாவ அத்தைன்னு கூப்புடும்.

எழுந்துட்டீங்களே. போறீங்களா? போங்க சார். நான் யாரு தடுக்க. ஸ்கேன் கெட்டுப் போவும், அது உங்க இஷ்டம். நேராப் போயி சோத்துக்கைப் பக்கம் கடைசிக் கதவு. இங்க கார்டெல்லாம் கிடையாது, யாரு வேணா போவலாம். மெதுவா, மெதுவா, மேசையில இடிச்சிக்காதீங்க. கதவ உள்ள தாழ் போட்டுக்கோங்க.

நான் வெளியதான் நிக்கிறேன் சார். தனியா வந்த பேசண்டு இல்ல, மயக்கம் கியக்கம் வந்து விழுந்தீங்கன்னா நான்தான் பதில் சொல்லணும். நீங்க பாட்டுக்கு இருங்க. குழாயத் தொறந்து வுடுங்க, தண்ணி விழற சத்தம் கேட்டா தானா வரும்.

கேக்குதா? நான் பேசறது கேக்குதா உள்ள? சரி.

அந்தப் பொண்ணுக்கு முதல்ல எரிச்சல்தான். எக்கா, நெருப்பு மாதிரி இருக்குன்னு சொல்லும். அடிவயிறு கடுக்குன்னு சொல்லும். அடிக்கடி கார்டு கேக்கும், நீங்க குடுக்க மாட்டீங்க, நின்ன எடத்துலயே கால மாத்தி மாத்தி வெக்கும். லேடீஸ் டாக்டர்கிட்ட போலாம்னு நான்தான் கூட்டினு வந்தேன். பொம்பளைக்கு அந்த எடத்துல கோளாறுன்னா லேடீஸ் டாக்டர்னு நெனச்சேன். இதே தெரு சார். இதே போர்டு இருந்திச்சு, யூராலஜிஸ்டுன்னு. அது போர்டக் காட்டி, எக்கா இதுதானே மூத்திர டாக்டருன்னு கேட்டுச்சு. சீ வா, அது ஆம்பளைங்களுக்குன்னு கையப் புடிச்சி இழுத்துக்கினு போயிட்டேன். லேடீஸ் டாக்டரு மாசத் தொந்தரவுன்னு ஏதோ குடுத்து அனுப்பிட்டாங்க. இங்க வந்திருந்தா ஒரு பரிசோதனை, ஒரு வாரம் மாத்திரை, அவ்ளோதான் வேலையே. இப்ப வாரத்துக்கு ரெண்டு பொண்ணுங்க கம்பெனியிலேர்ந்து இங்க வருதுங்க, நானே உக்கார வெச்சி தண்ணி குடிம்மான்னு திட்டறேன். அப்ப தெரியல.

லேடீஸ் டாக்டர் வாசல்ல நாங்க எறங்கி வர்றத நம்ம கம்பெனி பஸ்ஸு டிரைவர் பார்த்துட்டான். அவன் உங்ககிட்ட சொன்னான்.

வருதா சார்? அவசரப்படாதீங்க. முக்கக் கூடாது.

மறுநாள் காலையில ஒம்பது மணி இருக்கும். முத்துச்செல்வி வந்து கை நீட்டிச்சு. நீங்க கார்ட எடுத்தீங்க, குடுக்கல. தூக்கிப் புடிச்சிக்கினு சொன்னீங்க. இப்படி அடிக்கடி போனா எனக்குத் தெரியாதா, எத்தினாவது மாசம், அப்பன் பேர டார்கெட் போர்டுல எழுதிடலாமான்னு. ஞாபகம் இல்லியா? ஞாபகம் இருக்காது. உங்களுக்கு அது ஒரு ஜோக்கு. நல்லாத்தான் சொன்னீங்க, லைனே சிரிச்சிது.

நானும் சிரிச்சேன் சார். கூட்டினு போனதே நான், நானும் சிரிச்சேன். மறுவாரம் பர்மனென்ட் லிஸ்டு போடறீங்கன்னு பேச்சு இருந்திச்சு. மாஸ்க்கு போட்டிருக்கேன், தெரியாதுன்னு நெனச்சேன். கண்ணு தெரியும் இல்ல? அது வேற யாரையும் பார்க்கல. என் கண்ணத்தான் பார்த்துச்சு.

அதுக்கப்புறம் பதினோரு நாள் கார்டே கேக்கல. ஒரு தபா கூட. உங்க சார்ட்டுல அது பேருக்கு நேரா பதினோரு நாளும் சைபரு. அந்த மாசம் லைனுக்கே பெஸ்ட்டுன்னு கைத்தட்டி ஒரு டிபன் பாக்ஸு குடுத்தீங்களே, எவர்சில்வர்ல, மூணு அடுக்கு. அத வாங்கறப்ப அதுக்கு நூத்தி மூணு காய்ச்சல். குளுருக்கு ஆடறத வெக்கத்துல ஆடுதுன்னு யாரோ சொன்னாங்க. லீவு போட்டா கலைக்கப் போயிருக்கான்னு சொல்லுவாங்கக்கான்னுச்சு என்கிட்ட. அதனால போடல.

அப்பால ஒரு நாள் லைன்லயே மடங்கி உக்காந்திச்சு. ஆம்புலன்சு, பெரிய ஆஸ்பத்திரி, ரத்தத்துல கலந்துடுச்சு, ரெண்டு கிட்னியும் வேலை செய்யலன்னு எல்லாம் மளமளன்னு ஆயிடுச்சு. அவங்கப்பா ஊர்லேர்ந்து வந்தாரு. மகாராஜான்னு பேரு. சட்டையில ரெண்டு பட்டன் இல்ல. எங்க மாடியிலேர்ந்து அது துணியெல்லாம் எடுத்துக் கட்டறப்ப அந்த டிபன் பாக்ஸயும் எடுத்து வெச்சாரு. வெக்கறதுக்கு முன்னாடி என்னை ஒண்ணு கேட்டாரு. பிள்ள மேல ஏதோ சொல்லிக்கிட்டாவளே தாயி, நெசமான்னு. பொணம் கீழ வண்டியில இருக்குது சார். அப்பவும் அந்த மனுசனுக்கு அதுதான் தெரிஞ்சிக்கணும். நீங்க சொன்னது அவ்ளோ தூரம் போயிருக்குது, சங்கரன்கோவில் வரைக்கும்.

இன்னா சார்?

வரலியா?

ஒரு சொட்டு கூடவா. நல்லா முட்டுது, ஆனா வரல. ம். அது அப்டித்தான் சார். ப்ராஸ்டேட்டு வீங்கின ஆளு அளவுக்கு மீறி அடக்கினா பை விரிஞ்சிக்கினு இறுக மறந்துடும், பாதை அடைச்சிக்கும். அந்த ஜலதோஷ மாத்திரை வேற, அது இன்னும் கெட்டியா மூடிடும். அதுக்குத்தான் உங்கள மாதிரி பேசண்டுக்கெல்லாம் டாக்டரு சொல்லுவாரு, முட்டின உடனே போயிடணும், ஒரு நிமிஷம் கூட வெச்சிக்கக் கூடாதுன்னு.

அழறீங்களா? அழாதீங்க. வலி அப்டித்தான் இருக்கும், தொப்புள் வரைக்கும் கல்லு மாதிரி. அந்தப் பொண்ணுக்கும் கடைசி ரெண்டு நாளு ஒரு சொட்டு வரல.

தாழத் தொறங்க சார். தோ, காரு சத்தம் கேக்குது, டாக்டர் வந்துட்டாரு. உங்களத்தான் முதல்ல உள்ள எடுக்கச் சொல்றேன், அவங்க மூணு பேரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. டியூப் போட்டு எடுத்து வுடுவாரு, சாவ மாட்டீங்க. பத்து நாளு அந்த டியூப்போட பைய தொடையில கட்டிக்கினு லைனுக்குப் போங்க, பேண்ட்டு மேல தெரியாது, நடந்தா மட்டும் லேசா சத்தம் வரும்.

உள்ள போனா ஸ்கேனுக்காக அடக்கினேன்னு அவருகிட்ட சொல்லாதீங்க, அவருக்குப் புரியாது. அவரு உங்கள இன்னும் பார்க்கவே இல்லியே, ஸ்கேன் எப்படி எழுதுவாரு? முதல் நாளு எல்லாருக்கும் வெறும் பேச்சுதான் சார் இங்க. தண்ணி நான் குடுத்தது.